அகழி சூழ்ந்த வீடு யாருடையது? ஓர் ஆங்கிலேய இடைக்கால மாளிகையின் உடைமை வரலாறு

இங்கிலாந்தின் பழைய கிராமப்புற மாளிகைகளைப் பற்றிப் பேசும்போது மூன்று கூற்றுகள் அடிக்கடி காதில் விழுகின்றன. அரசர் அந்த மாளிகையை ஒரு பிரபுவுக்குப் பரிசாகக் கொடுத்தார் என்பது முதலாவது. அந்தப் பிரபுவின் குடும்பமே எழுநூறு ஆண்டுகள் வழிவழியாக அதில் வாழ்ந்தது என்பது இரண்டாவது. இறுதியில் அரசாங்கம் அதைக் கையகப்படுத்தி அருங்காட்சியகம்போல் நடத்துகிறது என்பது மூன்றாவது. கேட்பதற்குக் கோவையாக இருக்கும் இந்தக் கதை பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்துவதில்லை. 'சொந்தம்' என்ற சொல்லை இன்று நாம் வழங்கும் பொருளிலேயே இடைக்கால இங்கிலாந்துக்கும் கொண்டுபோய்ப் பொருத்துவதால்தான் இந்தக் குழப்பம் பிறக்கிறது என்று நான் கருதுகிறேன்.

கருத்தை மட்டும் விளக்கினால் மனத்தில் நிற்காது. ஆகவே கென்ட் மாவட்டத்தில் செவனோக்ஸ் நகருக்கு அருகில் உள்ள 'இட்டம் மோட்' என்ற ஒரே ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு, அது கைமாறிய ஒவ்வொரு முறையும் சட்டப்படி என்ன நடந்தது என்பதைப் பார்க்கலாம். சட்டத்தின் நுணுக்கங்களுக்குள் போகாமல், அடிப்படை இயக்கம் விளங்கும் அளவுக்கு மட்டும் சொல்கிறேன்.

முதலில் வீடு

ஒரு சிறு பள்ளத்தாக்கின் அடியில், நான்கு பக்கமும் நீர் நிறைந்த அகழிக்கு நடுவே, அகழியிலிருந்து நேராக எழும் சுவர்களோடு நிற்கிறது இட்டம் மோட். மூன்று பாலங்கள் அதைக் கரையோடு இணைக்கின்றன. எழுபதுக்கும் மேற்பட்ட அறைகள் உண்டு. அவை அனைத்தும் நடுவில் உள்ள ஒரு முற்றத்தைச் சுற்றி அமைந்தவை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்த வீடு அதிகம் காட்டிக்கொள்வதில்லை. அதன் முகம் முற்றத்தை நோக்கித் திரும்பியிருக்கிறது. சுவர்களில் ஒரு பகுதி அந்த வட்டாரத்தில் கிடைக்கும் சொரசொரப்பான சாம்பல் நிறக் கல்லால் ஆனது. மற்றொரு பகுதி ஓக் மரச் சட்டங்களை நிறுத்தி, இடைவெளியில் வரிச்சு கட்டி மண் பூசி எழுப்பப்பட்டது. மிகப் பழைய பகுதிகள் 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தவை. 1320ஐ ஒட்டிய ஆண்டுகளில் கட்டத் தொடங்கியதாகக் கொள்வது வழக்கம்.

அகழி இருப்பதால் இதைக் கோட்டை என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியன்று. இடைக்கால இங்கிலாந்தில் அகழி வெட்டிக்கொண்ட வீடுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. திருடரையும் காட்டு விலங்குகளையும் சற்றுத் தள்ளி நிறுத்தவும், சதுப்பு நிலத்தின் நீரை வடிக்கவும், மீன் வளர்க்கவும், எல்லாவற்றுக்கும் மேலாக வீட்டுக்காரரின் அந்தஸ்தைக் காட்டவும் அகழி பயன்பட்டது. இட்டம் மோட் முற்றுகையைத் தாங்குவதற்காகக் கட்டப்பட்ட அரண் அன்று. மேலே ஒரு குன்று நின்று பார்த்துக்கொண்டிருக்கும் பள்ளத்தில் எவரும் அரண் கட்டமாட்டார்கள். அரண்மனை என்பதும் பொருந்தாது. அரச குடும்பம் அங்கே குடியிருந்ததில்லை. 'மோட்' என்ற பெயர் அகழியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பாரும், ஊர்மன்றத்தைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது என்பாரும் உண்டு.

இதற்குச் சரியான பெயர் மேனர் வீடு. 'மேனர்' என்பது ஒரு கட்டடத்தின் பெயர் அன்று என்பதை இங்கேயே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். குறிப்பிட்ட நிலப்பரப்பு, அதில் பயிரிடும் குடிகளிடமிருந்து வரும் வாரமும் உழைப்பும், சிறு வழக்குகளைத் தீர்க்கும் ஒரு மன்றம், சில இடங்களில் மாவு அரைக்கும் ஆலையின் வருமானம் ஆகிய உரிமைகளின் தொகுப்பே மேனர். அந்த உரிமைகளை வைத்திருந்தவர் தங்கிய வீடு மேனர் வீடு. ஆவணங்களில் கைமாறியது பெரும்பாலும் இந்த உரிமைத் தொகுப்புத்தான். வீடு அதற்குள் அடங்கிய ஒரு பொருள்.

நிலத்தை 'வைத்திருத்தல்'

இப்போது உடைமைக்கு வருவோம். அரசு ஊழியர் ஒருவருக்குப் பணியின் பொருட்டு ஒரு குடியிருப்பு ஒதுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் அதில் வாழ்கிறார், தோட்டம் போடுகிறார், வேறு எவரும் உள்ளே வந்து குடியேற முடியாது. ஆனால் அது அவருடைய சொத்து என்று யாரும் சொல்வதில்லை. பணி இருக்கும்வரை வீடு இருக்கும். பணி போனால் வீடும் போகும்.

1066இல் இங்கிலாந்தை வென்ற நார்மன் அரசர் முதலாம் வில்லியம், நாட்டின் நிலம் முழுவதற்கும் இறுதி உரிமையாளர் அரசரே என்ற அடிப்படையை நிலைநாட்டினார். மற்ற எல்லோரும் அவரிடமிருந்து நேரடியாகவோ, அவரிடமிருந்து பெற்றவர் ஒருவரிடமிருந்தோ நிலத்தை வைத்திருந்தார்கள். இவ்வாறு ஏதோ ஒரு கடமைக்கு ஈடாக மேலுள்ள ஒருவரிடமிருந்து நிலத்தை வைத்திருக்கும் முறைக்கு 'டெனியூர்' என்று பெயர். தமிழில் 'பற்றுரிமை' என்று சொல்லிக்கொள்வோம். போர்வீரரைக் கொடுத்தல், பணம் கட்டுதல், மடத்துத் துறவியர் வழிபாடு நடத்துதல் என்று கடமை பலவகைப்பட்டது. வீரர் நாற்பது நாள் போர்ப்பணி செய்ய வேண்டும் என்பது பொது வழக்கு. காலப்போக்கில் பணிக்குப் பதிலாகப் பணம் வாங்கிக்கொள்வது வழக்கமாயிற்று.

ஊழியர் குடியிருப்பு உவமை இந்த இடம்வரைதான் உதவும். குடியிருப்பு ஊழியரின் மகனுக்குப் போவதில்லை. இங்கிலாந்தில் பற்றுரிமை சில தலைமுறைகளிலேயே வாரிசுக்குச் செல்லும் உரிமையாக இறுகிவிட்டது. ஆனாலும் தடையின்றிச் சென்றதில்லை. வாரிசு நிலத்தை ஏற்கும்போது மேலுள்ளவருக்கு ஒரு தொகை கட்ட வேண்டும். 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டா சாசனம், ஒரு முழு வீரர்பற்றுக்கு, அதாவது ஒரு வீரரின் போர்ப்பணிக்கு ஈடாக வைத்திருந்த நிலத்துக்கு, அந்தத் தொகை 100 ஷில்லிங்கைத் தாண்டக்கூடாது என்று உச்சவரம்பு வைத்தது. வாரிசு சிறுவனாக இருந்தால், அவன் வயதுக்கு வரும்வரை நிலத்தின் வருமானத்தை மேலுள்ளவரே எடுத்துக்கொள்வார். அவனுடைய திருமணத்தை முடிவுசெய்யும் உரிமையும் அவருக்கே உண்டு, அந்த உரிமையை வேறொருவருக்கு அவர் விற்கவும் செய்யலாம். வாரிசே இல்லையென்றால் நிலம் மேலுள்ளவரிடம் திரும்பிச் சேரும்.

அப்படியானால் நிலத்தை விற்க முடியுமா? 1290இல் முதலாம் எட்வர்டின் காலத்தில் வந்த ஒரு சட்டம் இதைத் தெளிவாக்கியது. அதற்கு முன்பு, விற்பவர் வாங்குபவருக்கு மேலதிகாரியாக ஆகிவிடுவது உண்டு. இதனால் சங்கிலியில் புதிய புதிய கண்ணிகள் சேர்ந்துகொண்டே போயின. 1290க்குப் பிறகு, சுதந்திரமான பற்றுரிமை உடையவர் தாராளமாக விற்கலாம். ஆனால் வாங்குபவர் அப்படியே விற்றவரின் இடத்துக்கு வந்து, அதே கடமைகளோடு அதே மேலதிகாரியிடமிருந்து நிலத்தை வைத்திருப்பார். இட்டம் மோட் எழும்பியது இந்தச் சட்டம் வந்து ஒரு தலைமுறைக்குப் பிறகு. ஆகவே அது தொடக்கத்திலிருந்தே விலைக்கு வரக்கூடிய சொத்தாக இருந்தது.

இதுவரை பார்த்ததைத் திரட்டிக்கொள்வோம். இட்டம் மோட் கோட்டையுமன்று, அரண்மனையுமன்று. உரிமைகளின் தொகுப்பான ஒரு மேனரின் தலைமை வீடு. அதன் 'உரிமையாளர்' நிலத்தைத் தன் மேலுள்ள ஒருவரிடமிருந்து வைத்திருந்தார். அந்த உரிமையை வாரிசுக்கு விடலாம், விற்கலாம், இழக்கவும் செய்யலாம். இந்த மூன்றும் இந்த வீட்டுக்கு நடந்தன.

மகள் வழியே போன வீடு

இட்டம் மோட்டின் தொடக்ககால உரிமையாளராக ஆவணங்களில் நன்கு தெரிபவர் சர் தாமஸ் கான். 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வாழ்ந்த வீரர். போர்க்கவசம் அணிந்து மல்லாந்து படுத்த அவருடைய கற்சிலை இட்டம் ஊர்த் தேவாலயத்தில் இன்றும் இருக்கிறது. அவருடைய மகள் ஆலிஸ், நிக்கோலஸ் ஹாட் என்பவரை மணந்தார். வீடு ஹாட் குடும்பத்துக்குப் போயிற்று.

இங்கிலாந்தின் பொதுச் சட்டப்படி மூத்த மகனே நிலம் முழுவதையும் பெறுவான்; மகன் இல்லாதபோது மகள்கள் பெறுவார்கள். ஆனால் மணமான பெண்ணின் நிலத்தைத் திருமணக் காலம் முழுவதும் ஆளும் அதிகாரம் கணவனுக்கே இருந்தது. உரிமை ஆலிஸின் வழியே பாய்ந்தது, ஆட்சி நிக்கோலஸின் கையில் இருந்தது. இந்த நிலைமை ஏறத்தாழ 1882ஆம் ஆண்டின் மணமான பெண்களின் சொத்துச் சட்டம்வரை அடிப்படையில் நீடித்தது. உரிமையாளர் பட்டியல்களில் ஆண்களின் பெயர்களே வரிசையாக இருப்பதைப் பார்த்துவிட்டு, பெண்களுக்கு இந்த வரலாற்றில் பங்கில்லை என்று நினைத்துவிடக் கூடாது. இட்டம் மோட் ஒரு குடும்பத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிய முதல் தருணமே ஒரு பெண்ணின் வாரிசுரிமையால் நிகழ்ந்தது.

கென்ட் மாவட்டத்துக்கு என்று ஒரு தனி வழக்கமும் இருந்தது. 'கேவல்கைண்ட்' எனப்பட்ட அந்த முறையில் நிலம் மூத்த மகனுக்கு மட்டும் போகாமல் எல்லா மகன்களுக்கும் சமமாகப் பிரியும். பெரிய நிலக்கிழார்கள் பலர் தங்கள் நிலம் துண்டுபடுவதை விரும்பாமல், அந்த வழக்கத்திலிருந்து விலக்குப் பெற நாடாளுமன்றத்தை நாடினார்கள். இந்த வழக்கம் 1925ஆம் ஆண்டுச் சட்டங்களால்தான் முற்றாக ஒழிந்தது.

பறிமுதல்

அரசரிடமிருந்து வைத்திருப்பது என்பது வெறும் சட்டக் கற்பனை என்று தோன்றினால், 1483ஐப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு மூன்றாம் ரிச்சர்டு அரியணை ஏறினார். அவருக்கு எதிராகத் தென்னிங்கிலாந்தில் கலகம் எழுந்தது. ஹாட் குடும்பம் ரிச்சர்டின் எதிரிகளோடு உறவும் தொடர்பும் கொண்டது. கலகம் தோற்றது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ரிச்சர்டு ஹாட்டின் நிலங்கள் பறிமுதலாயின. இட்டம் மோட், லண்டன் கோபுரக் கோட்டையின் தலைவரும் அரசரின் நம்பிக்கைக்குரியவருமான ராபர்ட் பிராக்கன்பரியின் கைக்குச் சென்றது.

இந்தப் பறிமுதலுக்கு அடிப்படையான ஏற்பாட்டின் பெயர் 'அட்டெயின்டர்'. துரோகக் குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமைகள் அனைத்தையும் நாடாளுமன்றச் சட்டத்தால் அழித்துவிடுவது அது. அதில் கொடுமை என்னவென்றால், குற்றவாளியோடு தண்டனை நிற்பதில்லை. அவருடைய குருதி 'கெட்டுப்போனதாக' சட்டம் கருதியது. ஆகவே அவருடைய பிள்ளைகளும் அவர் வழியாக எதையும் பெற முடியாது. ஓர் உரிமையாளரைத் தண்டிப்பதற்காக ஒரு வம்சத்தையே நிலத்திலிருந்து பிடுங்கி எறியும் கருவி அது.

ஆனால் பிடுங்கியதை நடவும் அதே நாடாளுமன்றத்தால் முடியும். 1485 ஆகஸ்டில் பாஸ்வர்த் போர்க்களத்தில் மூன்றாம் ரிச்சர்டு கொல்லப்பட்டார். அவர் பக்கம் போரிட்ட பிராக்கன்பரியும் அங்கேயே மடிந்தார். ஏழாம் ஹென்றி அரசரானதும் தீர்ப்பு தலைகீழாகி, இட்டம் மோட் ஹாட் குடும்பத்துக்குத் திரும்பியது. இரண்டே ஆண்டுகளில் ஒரு வீடு கைவிட்டுப் போய்த் திரும்பி வந்திருக்கிறது. அரசர் கொடுத்தார் என்ற கூற்றில் உண்மை இருப்பதானால், அது பிராக்கன்பரிக்குக் கிடைத்த அந்த இரண்டு ஆண்டுகளுக்கு மட்டுமே பொருந்தும்.

விலை கொடுத்து வாங்கியவரும் அவருடைய கூரையும்

1521இல் சர் ரிச்சர்டு கிளெமென்ட் இந்த வீட்டை 400 பவுண்டுக்கு வாங்கினார். எட்டாம் ஹென்றியின் அரசவையில் பணிசெய்து உயர்ந்தவர் அவர். பழங்குடிப் பெருமை சொல்லிக்கொள்ளப் பெரிய வம்சம் அவருக்குப் பின்னால் இல்லை. இத்தகையவர் ஒரு பழைய வீட்டை வாங்கியதும் என்ன செய்வார் என்பதை இட்டம் மோட்டின் புதிய வழிபாட்டறையில் நிமிர்ந்து பார்த்தால் தெரியும்.

பீப்பாயை நீளவாக்கில் பிளந்து கவிழ்த்ததுபோல் வளைந்த மரக்கூரை அது. ஓக் பலகைகளின்மேல் நேரடியாக வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். ஹென்றியின் டியூடர் வம்சத்துக்குரிய ரோஜா. அதன் அருகே மாதுளம்பழம். மாதுளை, ஹென்றியின் முதல் மனைவியான ஆரகான் நாட்டுக் கேத்தரினின் சின்னம். ஐந்நூறு ஆண்டுகளில் வண்ணம் மங்கிப் பலகையின் இழை ஊடே தெரிகிறது. ஆனாலும் எந்தச் சின்னம் எது என்று அடையாளம் காண முடிகிறது. இதே சின்னங்களை கிளெமென்ட் கண்ணாடிச் சன்னல்களிலும் பதிப்பித்தார். தன் முன்னோரின் சின்னங்களால் சுவரை நிரப்ப இயலாதவர், தன்னை உயர்த்திய அரசரின் சின்னங்களால் நிரப்பினார் என்பது என் வாசிப்பு. சில ஆண்டுகளிலேயே அரசர் கேத்தரினைத் தள்ளிவைத்தார். 1533இல் ஆன் பொலின் அரசியானார். நாடெங்கும் பல இடங்களில் மாதுளைச் சின்னம் அகற்றப்பட்டது. இட்டம் மோட்டின் கூரையில் அது அப்படியே தங்கிவிட்டது.

இந்த இடத்தில் ஒரு சொல்லை விளக்கிவிட வேண்டும். கிளெமென்ட் வாங்கிய உரிமையின் முழுமையான வடிவத்துக்குச் சட்டத்தில் 'ஃபீ சிம்பிள்' என்று பெயர். யார் வேண்டுமானாலும் வாரிசாகலாம், எவருக்கு வேண்டுமானாலும் விற்கலாம், முடிவுக்காலம் கிடையாது. அரசருக்குக் கீழே ஒருவர் பெறக்கூடிய மிகப் பெரிய உரிமை இதுவே. நடைமுறையில் இதற்கும் நாம் சொல்லும் 'சொந்த'த்துக்கும் வேறுபாடு மிகக் குறைவு. 1660இல் நாடாளுமன்றம் போர்ப்பணிக் கடமையையும், சிறுவயது வாரிசின் நிலவருமானத்தை அரசர் எடுத்துக்கொள்ளும் உரிமையையும் ஒழித்த பிறகு அந்த வேறுபாடு இன்னும் சுருங்கிற்று.

முந்நூறு ஆண்டுகள், ஒரே பெயர்

கிளெமென்டின் மரணத்துக்குப் பின் வீடு மேலும் சில கைகள் மாறியது. 1591இல் சர் வில்லியம் செல்பி அதை விலைக்கு வாங்கினார். செல்பி குடும்பம் அதை ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் வைத்திருந்தது. 'ஒரே குடும்பம்' என்ற கூற்றுக்கு மிக நெருங்கி வரும் காலம் இதுதான். ஆனால் அதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

வாங்கிய வில்லியம் செல்பிக்குப் பிறகு வீடு அவருடைய சகோதரரின் மகனுக்குச் சென்றது. அவர் பெயரும் வில்லியம். ஸ்காட்லாந்தின் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்தின் அரசராக 1603இல் தெற்கே வந்தபோது, எல்லை நகரமான பெரிக்கின் சாவிகளை அவரிடம் ஒப்படைத்தவர் இந்த இரண்டாம் வில்லியம். அவருக்கும் அவர் மனைவி டாரதி பான்ஹமுக்கும் பிள்ளைகள் இல்லை. வீடு செல்பி என்ற பெயருடைய வேறு உறவினர்களிடம் போயிற்று. 19ஆம் நூற்றாண்டில் தாமஸ் செல்பி தன் ஒரே மகனுக்கு வாரிசுரிமையை மறுத்தார். அவருடைய மனைவி எலிசபெத்துக்குப் பிறகு, பறவைகளைப் பற்றி ஆராய்ந்து புகழ்பெற்ற பிரிடோ ஜான் செல்பி என்ற உறவினர் பெற்றார். அவர் 1867இல் இறந்தபோது வீடு மகளுக்குச் சென்றது. அவளுடைய இரண்டாம் கணவர் தன் பெயரோடு செல்பியைச் சேர்த்து லுவர்ட்-செல்பி ஆனார்.

மரம் ஒன்றுதான், ஆனால் இடையிடையே ஒட்டுப்போட்டு வளர்ந்த மரம். ஆங்கிலேய நிலக்குடும்பங்கள் பலவும் இப்படித்தான் நீடித்தன. சொத்து வேண்டுமானால் எங்கள் குடும்பப் பெயரை ஏற்றுக்கொள் என்று உயிலில் நிபந்தனை விதிப்பதே ஒரு வழக்கமாக இருந்தது. நிலம் சிதறாமல் காக்க வேறொரு கருவியும் இருந்தது. பாட்டி தன் நகையை மகளிடம் கொடுத்து, 'நீ போட்டுக்கொள், ஆனால் விற்காதே, இது பேத்தியின் கல்யாணத்துக்கு' என்று சொல்வதை எண்ணிப் பாருங்கள். மகள் அதை அணியலாம். அடகுக்கடைக்குக் கொண்டுபோக முடியாது. நிலத்தை இவ்வாறு ஒரு வம்சவழியோடு கட்டிவைக்கும் ஏற்பாட்டுக்கு 'என்டெயில்' என்று பெயர். 1285ஆம் ஆண்டின் ஒரு சட்டத்திலிருந்து பிறந்தது. வழக்கறிஞர்கள் 15ஆம் நூற்றாண்டிலேயே இதை உடைக்கும் வழிகளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பிற்பாடு குடும்பங்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் கட்டைப் புதுப்பித்துக்கொண்டே வந்தன.

டாரதி செல்பியைப் பற்றிய ஒரு கதையைத் திருத்த வேண்டும். 1605இல் நாடாளுமன்றத்தை வெடிமருந்தால் தகர்க்கும் சதியை ஓர் எச்சரிக்கைக் கடிதம் மூலம் வெளிப்படுத்தியவர் இவரே என்றும், சதிகாரரின் கூட்டாளிகள் பழிவாங்க இவரை இட்டம் மோட்டின் சுவருக்குள் உயிரோடு வைத்துப் பூசிவிட்டார்கள் என்றும் பேய்க்கதைத் தொகுப்புகளில் வருகிறது. டாரதி 1641வரை வாழ்ந்தார். பூத்தையல் கலையில் தேர்ந்தவர். அவருடைய நினைவுச் சின்னம் இட்டம் தேவாலயத்தில், சுவரில், எல்லோரும் பார்க்கும் இடத்தில் இருக்கிறது.

செல்பிகள் வீட்டை அதிகம் மாற்றவில்லை. வரவேற்பறையில் தங்கள் குலச்சின்னத்தோடு ஒரு பெரிய கணப்படுப்பு வைத்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் அதே அறைச் சுவரில் சீனாவிலிருந்து வந்த, கையால் ஓவியம் தீட்டிய காகிதத்தை ஒட்டினார்கள். இவற்றைத் தவிர இடைக்கால அமைப்பு பெரும்பாலும் அப்படியே நின்றது. பெருஞ்செல்வமும் பெரும்பதவியும் கிட்டிய குடும்பங்கள் தங்கள் பழைய வீட்டை இடித்துவிட்டுத் தூண்கள் வைத்த புதுப்பாணி மாளிகை கட்டிய காலம் அது. இட்டம் மோட் தப்பியதற்கு அதன் உரிமையாளர்கள் நடுத்தர நிலக்கிழார்களாகவே இருந்தது பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

மறுபடியும் சுருக்கமாக: வாரிசுரிமை, பறிமுதல், கிரயம், உயில் என்ற நான்கு வழிகளிலும் இந்த வீடு கைமாறியிருக்கிறது. 'ஒரே குடும்பம்' என்று தெரிவது ஒரே குடும்பப் பெயர். அதன் பின்னே தத்துப்போலவும் ஒட்டுப்போலவும் பல வழிகள் கலந்திருக்கின்றன.

வரியும் கூரையும்

1889இல் வீடு விற்பனைக்கு வந்தது. தாமஸ் கோலியர்-ஃபெர்குசன் வாங்கினார். 1890-91இல் அவர் செய்த பழுதுபார்ப்பு இல்லையென்றால் வீடு அடுத்த நூற்றாண்டைத் தாண்டியிருக்காது. அவர் வளர்த்த நாய்க்காக முற்றத்தில் மரத்தால் கட்டிய பெரிய கூடு, இன்று வீட்டைப் போலவே முதல்தரப் பாதுகாப்புப் பட்டியலில் தனியாக இடம்பெற்றுள்ளது. அவருடைய மகன் தாமஸ் ரிவர்ஸ்டேல் முதல் உலகப்போரில், 1917 ஜூலை 31 அன்று ஈப்பர் போரில் 21 வயதில் இறந்தார். போர்க்கள வீரத்துக்கான விக்டோரியா கிராஸ் விருது பெற்றவர். மாதுளைக் கூரை உள்ள வழிபாட்டறையில் அவர் நினைவாக ஒரு மரச்சிலுவை இருக்கிறது.

1951இல் தந்தை தாமஸ் இறந்தார். வீடு பேரனுக்கு வந்தது. அவரால் அதை வைத்துக்கொள்ள இயலவில்லை. தளவாடங்கள் அக்டோபரில் மூன்று நாள் ஏலத்தில் போயின.

இது ஒரு குடும்பத்தின் தனிப்பட்ட தோல்வி அன்று. உரிமையாளர் இறக்கும்போது அவருடைய சொத்தின் மதிப்பில் ஒரு பங்கை அரசு எடுத்துக்கொள்ளும் இறப்பு வரி 1894இல் வந்தது. அப்போது மிகப் பெரிய சொத்துகளுக்கே 8 விழுக்காடுதான்; 1949இல் உச்ச விகிதம் 80 விழுக்காடு ஆயிற்று. நிலத்திலிருந்து வரும் குத்தகை வருமானமோ 1870களின் வேளாண் வீழ்ச்சியிலிருந்தே சரிந்துவந்தது. போர்க் காலங்களில் தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்த குடும்பங்கள் திரும்பத் திரும்ப வரி கட்ட நேர்ந்தது. 20ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராமப்புற மாளிகைகள் இடிக்கப்பட்டன. இட்டம் மோட்டின் கூரையிலுள்ள ஈயத்தகட்டின் விலைக்காகவே அதை இடித்துவிடலாம் என்ற யோசனையும் அப்போது வந்தது. அடுக்குக் குடியிருப்பாகப் பிரிக்கும் யோசனையும் வந்தது.

அந்த வட்டாரத்தைச் சேர்ந்த மூன்று பேர் சேர்ந்து 5,500 பவுண்டு கொடுத்து வீட்டின் ஃப்ரீஹோல்டை வாங்கினார்கள். காலவரம்பற்ற முழு உரிமையை இன்றைய ஆங்கிலேயர் 'ஃப்ரீஹோல்டு' என்கிறார்கள். நாம் முன்பு பார்த்த ஃபீ சிம்பிளின் அன்றாடப் பெயர் அது. சொல்லுக்குள் கவனியுங்கள்: 'வைத்திருத்தல்' இன்னும் அதில் ஒட்டியிருக்கிறது. அவர்கள் அதில் குடியேற வாங்கவில்லை. வீட்டைக் காப்பாற்றக்கூடிய ஒருவர் வரும்வரை அதைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளவே வாங்கினார்கள். இந்த வரலாற்றில் என்னை மிகவும் நெகிழவைப்பவர்கள் இந்த மூவர்தான்.

விற்க முடியாத உடைமை

வந்தவர் சார்லஸ் ஹென்றி ராபின்சன், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துப் போர்ட்லாந்தைச் சேர்ந்தவர். 1953இல் வாங்கினார். வரிச் சட்டத்தின் காரணமாக ஆண்டுக்குப் பதினான்கு வாரங்கள் மட்டுமே அவர் அங்கே தங்க முடிந்தது. ஆனாலும் அவசரப் பழுதுகளைப் பார்த்தார், காலியான அறைகளுக்குப் பழைய தளவாடங்களைத் தேடி வாங்கிப் போட்டார். தன் காலத்துக்குப் பின் வீட்டை நேஷனல் டிரஸ்டுக்குக் கொடுப்பதாக 1965இல் அறிவித்தார். 1985இல் அவர் இறந்தபின் அவ்வாறே நடந்தது. அவருடைய சாம்பல் வீட்டின் சுவருக்குள் வைக்கப்பட்டிருக்கிறது.

மூன்றாவது தவறான கூற்று இந்த இடத்தில்தான் நுழைகிறது. நேஷனல் டிரஸ்டு அரசுத் துறை அன்று. ஆக்டேவியா ஹில், ராபர்ட் ஹன்டர், ஹார்ட்விக் ரான்ஸ்லி ஆகியோர் 1895இல் தொடங்கிய தனித்த அறநிறுவனம் அது. உறுப்பினர் சந்தா, நுழைவுக் கட்டணம், நன்கொடை, உயில்கொடை ஆகியவற்றால் நடப்பது. இட்டம் மோட்டை யாரும் கையகப்படுத்தவில்லை. உரிமையாளர் மனமுவந்து கொடுத்தார்.

ஆனால் டிரஸ்டு வைத்திருக்கும் உரிமையில் ஒரு தனித்தன்மை உண்டு. 1907ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சட்டம், தன் நிலத்தையும் கட்டடத்தையும் 'கைமாற்ற இயலாதவை' என்று அறிவித்துக்கொள்ளும் அதிகாரத்தை அதற்குக் கொடுத்தது. அப்படி அறிவிக்கப்பட்ட சொத்தை டிரஸ்டின் நிர்வாகிகள் விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. நாடாளுமன்றத்தின் தனி நடைமுறை இல்லாமல் அரசாங்கமே சாலை போடுவதற்காகக்கூட அதைக் கட்டாயமாக எடுத்துக்கொள்ள முடியாது. பாட்டியின் நகைக்குப் போட்ட கட்டு, உடைக்க வழியில்லாத வடிவில் மீண்டும் வந்திருக்கிறது; இந்த முறை ஒரு வம்சத்தின் பொருட்டு அன்று, பார்க்க வரும் எவரின் பொருட்டும்.

சுவரைப் பிரித்தபோது

1989இல் டிரஸ்டு பெரும் பழுதுபார்ப்பைத் தொடங்கியது. முடிய 2004 ஆயிற்று. வீட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு மரத்துக்கும் கல்லுக்கும் உரிய இடத்தைப் பதிவுசெய்து, மறுபடி பூட்டினார்கள்.

மரத்தைத் தின்றது 'டெத்வாட்ச்' என்ற வண்டு. அதன் புழு பழைய ஓக் மரத்துக்குள் ஆண்டுக்கணக்கில் குடைந்து வாழும். வளர்ந்த வண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுத் துளை வழியே வெளியே வரும். துணையை அழைக்கத் தலையால் மரத்தில் தட்டும். நோயாளியின் படுக்கையருகே இரவு விழித்திருப்பவர்களின் காதில் விழுந்த அந்தத் தட்டொலிதான் அதற்கு அந்தப் பெயரைக் கொடுத்தது. வெளித்தோற்றத்தில் உறுதியாக நிற்கும் உத்தரம் உள்ளே பொடியாகியிருக்கும்.

மாதுளை வரைந்த கூரையும், செல்பிகளின் கணப்படுப்பும், சீனக் காகிதமும், ராபின்சன் விட்டுச்சென்ற நூலக அறையும் இன்று ஒரே வீட்டில் இருக்கின்றன. பார்வையாளர்கள் பாலத்தைக் கடந்து முற்றத்துக்குள் நுழைந்து, தலையை நிமிர்த்தி, அந்த மங்கிய மாதுளையைத் தேடுகிறார்கள்.